தபாற்கந்தோர் இருந்த வீடு

சென்ற மாதம் கொழும்பு, புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். 1970இல் இதே வாசலால், பதிலாள் எழுதுவினைஞனாக, எட்டு மணிக்கு முன்னரே தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தவன் நான். அப்போது இது புறக்கோட்டைத் தபாற்கந்தோர்.

மாதத்தின் முதல் வாரம்தான் எங்களுக்குப் பெரிய வாரம். சம்பளம் எடுத்த கடைச் சிப்பந்திகளும், மூட்டை தூக்கிய வியர்வை காயாத நாட்டாமைகளும், யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தோட்டங்களுக்கும் காசுக்கட்டளை அனுப்ப வரிசையில் நிற்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே படிவத்தை நிரப்பிக் கொடுப்பேன். விலாசம் கேட்டால், "கோயிலடியில பூவரசுக்குப் பக்கத்து வீடு தம்பி, ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்" என்பார் ஒருவர். அதிலிருந்து தகப்பன் பெயரையும் குறிச்சியையும் ஊரையும் கேட்டுக் கேட்டுப் பிரித்தெடுத்து, தபாற்காரர் ஒருவர் தேடிப்போகக் கூடிய மூன்று வரிகளாக்குவதுதான் நான் அங்கே முதலில் கற்ற தொழில். பின்னர் வேறு திணைக்களத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தேன்; அதைவிடக் கடினமான எழுத்துவேலை எனக்கு வாய்க்கவில்லை.

கட்டடத்தைப் பற்றி அந்த வயதில் எனக்கு அக்கறை இருந்ததில்லை. சுவர்கள் தடித்தவை, உள்ளே குளிர்ச்சி, அவ்வளவுதான் தெரியும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இவ்வீட்டில் 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீ வசித்தார் என்பதும், அதன் பின்னர் இது பயிற்சிக் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் பொலிஸ் பயிற்சி நிலையமாகவும் கைமாறியது என்பதும், 1977இல் நெதர்லாந்தின் உதவியோடு திருத்த வேலை தொடங்கி 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட பிறகே எனக்குத் தெரியவந்தன. திறந்த புதிதில் ஒரு தடவை வந்து, அவசரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

இம்முறை நின்று பார்த்தேன். சுவர்களைத்தான் முதலில் தடவினேன். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். அவசரத்துக்குப் பூசும் சீமெந்து எந்தப் பழைய வீட்டுக்கும் நல்லதல்ல. அந்த வகையில் மறுசீரமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டைப் பழைய நிலைக்குத் திருப்புகிறவர்கள் எந்த ஆண்டின் நிலை என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். இங்கே ஒல்லாந்தரின் ஆண்டுகள் வென்றன. எங்கள் கவுண்டரும், தபாற்பைகளும், அரக்கு உருக்கிய மணமும் தோற்றன. வேறு வழி இருந்திருக்காது என்று அறிவு சொல்கிறது. மனம் அதை அரைகுறையாகத்தான் ஏற்கிறது.

கண்ணாடிக்குள் இருந்த செப்புக்காசுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. ஒல்லாந்தரின் டொயிட் காசுதான் நம் வாயில் துட்டாயிற்று. கந்தோர், நொத்தாரிசு என்பனவும் அவர்கள் விட்டுப்போன சொற்களே. 1796இல் அவர்கள் கொழும்பை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போன பிறகும், அவர்களுடைய ஆளுநரின் வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவர்களுடைய சொல்லாலேயே அதைத் தபாற்கந்தோர் என்று நாங்கள் அழைத்தோம். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் உட்பட.

நான் ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்றதைக் கண்ட பணியாளர் இளைஞர் அருகில் வந்தார்.

"ஐயா, என்ன தேடுறீங்கள்?"

"கவுண்டர் எந்த இடத்தில இருந்தது எண்டு பாக்கிறன், தம்பி. நான் இங்கதான் வேலை செய்தனான்."

அவர் ஒரு கணம் என்னையும் நிலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "கவர்னர் வீட்டிலயா?"

பிறகு நடுமுற்றத்தைப் பார்த்த விறாந்தைக்குப் போனேன். நாங்கள் மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்த இடம் அது. தூணில் சாய்ந்தபடி, வெளியே கைவண்டிக்காரர்கள் வழிகேட்டுக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபோது ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கவுண்டர் திறக்கும் நேரம் என்று எழுந்துவிட்டேன்.