கடைவாய்ப் பல்லும் கெட்ட தூக்கமும்

ஜூன் 3
இன்றும் எழுந்ததும் வாய் சரியாகத் திறக்கவில்லை. கன்னத்தைத் தேய்த்துவிட்ட பிறகுதான் பிரஷ் உள்ளே போனது. நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. பத்து மணிக்கு மேல் தானாக அடங்கிவிடும். போன வருடம் இதே வலிக்குத்தான் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தார்கள். பணம் போனது, வலி போகவில்லை.

ஜூன் 5
"ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிறம்மா நீ" என்றாள் மகள். "வயித்துல பூச்சி இருக்கும்" என்றார் அம்மா.

ஜூன் 9
வேறொரு பல் மருத்துவர். பல்லைத் தட்டிப் பார்க்கும் முன்பே, "எப்படித் தூங்குறீங்க? குறட்டை உண்டா?" என்று கேட்டார். இதுவரை யாருமே கேட்காத கேள்வி. அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ராத்திரி மூன்று தடவையாவது எழுகிறேன் என்றேன். பல்லை இறுக்கிக் கடிக்கச் சொன்னார். கன்னத்தில் உருண்டு வந்த தசையை விரலால் அழுத்தினார். அடுத்த நொடி அந்தக் கடைவாய்ப் பல்லே வலித்தது! கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி தசையில், தெரிவதுதான் பல்லில். நாக்கின் ஓரத்தில் பல் அச்சு பதிந்திருப்பதையும் கண்ணாடியில் காட்டினார்.

பூச்சி இல்லையாம். லேசான தூக்கத்தில் மூளை சில நொடி பாதி விழிக்கும்போது இதயத் துடிப்பு ஏறி, கூடவே தாடையும் இறுகுகிறதாம்.

ஜூன் 12
தேடிப் படித்தேன். 1975இல் கனடாவில் மோல்டாஃப்ஸ்கி என்பவரின் குழு, நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தது. காலையில் அவர்களுக்கும் தசை வலித்தது. அமெரிக்காவின் ஒப்பேரா ஆய்வில், தாடை வலியே இல்லாதவர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். பிறகு வலி வந்தவர்களுக்கு, அதற்கு முன்பே தூக்கம் கெட்டுக்கொண்டே வந்திருந்தது. வலியால்தான் தூக்கம் போகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூக்கம் முதலில் போயிருக்கிறது. அப்புறம் ஒன்றை ஒன்று வளர்த்திருக்கின்றன.

ஜூன் 20
நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, வந்துவிட்டது. பல் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்தாது என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். சாயங்காலக் காபியை விட்டேன். பகலில் உதடு மூடி, பல் ஒட்டாமல் இருக்கப் பழகுகிறேன்.

ஜூலை 2
நேற்று அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தம்பி வந்திருந்தான். பத்து மணிக்குப் படுத்தவள் ஐந்தரைக்குத்தான் எழுந்தேன். வாயில் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. கொட்டாவி விட்டேன், வலிக்கவில்லை. இனி வாரம் இரண்டு ராத்திரி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இன்று என் முறை.