கடலும் மலையும் ஒரே மேப்ல: மேட்பிளாட்லிப்ல நானே நார்ம் எழுதின அனுபவம்

தென் தமிழ்நாடு, கேரளா, இலங்கை, சுத்தி இருக்கற கடல் எல்லாம் ஒரே மேப்ல, உயரத்துக்கும் ஆழத்துக்கும் ஏத்த கலர்ல வரணும், இதான் வேலை. படம் வரையற பைத்தான் லைப்ரரியான மேட்பிளாட்லிப்லதான் பண்ணேன். மேற்கால ஆனைமுடி 2695 மீட்டர், இலங்கைக்குத் தெக்கால கடல் 4000 மீட்டர் ஆழத்துக்குப் போகுது, நடுவுல பாக் நீரிணை பெரும்பாலும் பத்து மீட்டர் சுமாருதான்.

நிறைய பேர் கலர்மேப்பைத்தான், அதாவது எந்த நம்பருக்கு எந்தக் கலர்ங்கற வரிசையைத்தான், மாத்தி மாத்திப் பாப்பாங்க. 2017ல வந்த மேட்பிளாட்லிப் 2.0 வெர்ஷன்ல டிஃபால்ட் கலர்மேப்பா இருந்த ஜெட்டை மாத்தி விரிடிஸை வச்சது ரொம்ப நல்ல முடிவு, ஆனா இங்க பிரச்சனையே அது இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கற நார்ம்தான். நார்ம் மீட்டரை 0லேருந்து 1க்குள்ள ஒரு நம்பரா மாத்தும், கலர்மேப் அந்த நம்பருக்கு 256 கலர்ல ஒண்ணை எடுக்கும், அவ்ளோதான்.

முதல்ல, நடுப்புள்ளிக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி நேர்கோட்டு அளவு வைக்கற டூஸ்லோப்நார்ம் போட்டேன், சென்டர் 0. கரை கரெக்டா நடுக்கலர்ல வந்துருச்சு. ஆனா கடலுக்குக் கிடைக்கறது 128 கலர், 4000 மீட்டரை அதுல பிரிச்சா ஒரு கலருக்கு 31 மீட்டர், அப்போ பாக் நீரிணை முழுக்க ஒரே கலர்! லாகரிதம் எடுக்கற லாக்நார்முக்கு மைனஸ் வேல்யூ ஆகாது. அதனால நார்ம்களுக்கு அடிப்படையான நார்மலைஸ் கிளாஸை எடுத்து, அது மேல நானே ஒரு நார்ம் எழுதினேன், கரைக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா ஸ்கொயர் ரூட் எடுத்து, ஆளுக்குப் பாதி இடம். இப்ப முதல் பத்து மீட்டருக்கே ஆறு கலர் கிடைக்குது, மன்னார் வளைகுடா தெக்கால போகப்போக சரசரன்னு ஆழமாகறதும் தெளிவா தெரியுது.

இதுல ரெண்டு விஷயம் கட்டாயம் பாக்கணும். ஒண்ணு மாஸ்க், அதாவது டேட்டா இல்லாத இடத்தை மறைக்கற குறி. நம்பைங்கற கணக்கு லைப்ரரியோட இன்டர்ப் ஃபங்ஷனை நார்முக்குள்ள யூஸ் பண்ணா மாஸ்க் காணாமப் போயிடும், டேட்டா இல்லாத இடத்துல இருக்கற மைனஸ் 9999 ஆழ்கடல் கலர்ல வந்து நிக்கும், அதனால திருப்பி அனுப்பும்போது மாஸ்க்கை மறுபடி ஒட்டணும். இன்னொண்ணு இன்வெர்ஸ், அதாவது 0-1 நம்பரை மறுபடி மீட்டரா மாத்தறது. நம்ம எழுதலன்னா அப்பா கிளாஸான நார்மலைஸோட நேர்கோட்டு இன்வெர்ஸ்தான் ஓடும், மேப் சரியா இருக்கும் ஆனா எந்தக் கலர் எத்தனை மீட்டர்னு காட்டற பக்கத்து கலர்பார் தப்பா சொல்லும், எர்ரரும் வராது, படிக்கறவங்க அதை நம்பித்தான் ஆழம் பாப்பாங்க. நார்முக்குள்ள போட்டு இன்வெர்ஸ்ல எடுத்தா பழைய மீட்டரே வருதான்னு டெஸ்ட் எழுதிருங்க.

கலர்பார்ல நம்பர் வர்ற டிக்கை மட்டும் கையால வச்சேன்: -4000, -2000, -500, -50, 0, 500, 2000. -10ஐயும் சேத்தா 0 மேல இடிக்குது.