இருபத்தைந்தை அழியும்

போன மாசியில் பௌதிகவியல் சேர் காலமான செய்தி வகுப்புக் குழுவில் வந்தது. அஞ்சலிகளுக்கு நடுவே ஒருவன் எழுதியிருந்தான்: "இருபத்தைந்து எங்கே? நினைவு மலருக்கு அவன்தான் எழுதவேணும்." நாற்பது வருடமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

மேல்மாடி ஆய்வுகூடம், சார்புவேகம் படித்த கிழமை. யாழ்தேவி செக்கனுக்கு 25 மீற்றர் ஓடுகிறது. தண்டவாளத்தருகில் நிற்பவருக்கு அதன் முன்விளக்கு வெளிச்சத்தின் வேகம் என்ன? வெண்கட்டியை வாங்கி, பூச்சியங்களை எண்ணி எண்ணி, 300000025 என்று எழுதினேன். கடைசி வாங்கு கை தட்டியது.

"பந்தெறிஞ்சால் கூட்டும். வெளிச்சத்துக்குக் கூட்ட உமக்கு ஆர் சொன்னது? இருபத்தைந்தை அழியும்."

டஸ்டரைத் தரவில்லை. உள்ளங்கையால் அழித்தேன். (மீதி எண்ணும் சரியில்லை. உண்மையான வேகம் 299,792,458. 1983 முதல் மீற்றரையே அதை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். அந்த இரண்டு இலட்சத்தைச் சேர் பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பிழை 25 இல்தான்.)

காரணத்தை மறுநாள், மணி அடித்த பிறகு சொன்னார். 1887 இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மைக்கல்சன், மோர்லி என்ற இரு விஞ்ஞானிகள் ஐந்தடிச் சதுர மணற்கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள். ஒளியை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு வழிகளில் அனுப்பி, திருப்பிச் சேர்த்தார்கள். வெளியெங்கும் நிறைந்து வெளிச்சத்தைக் கொண்டுபோவதாக நம்பப்பட்ட ஈதர் என்று ஒன்று இருந்தால், பூமி அதற்குள்ளால் ஓடுவதால், கல்லைச் சுற்றும்போது இருட்டும் வெளிச்சமுமான கோடுகள் இடம்மாற வேண்டும். எதிர்பார்த்த அளவுக்குக் கிட்டவும் மாறவில்லை. "பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் ஓடுது. அதையே காட்டாத வெளிச்சம் உம்முடைய யாழ்தேவியையோ காட்டும்?"

ஆனால் ஐன்ஸ்டீன் இந்தப் பரிசோதனையைப் படித்துவிட்டுத்தான் சார்புக் கொள்கையை எழுத உட்கார்ந்தார் என்று நான் சொன்னபோது அதையும் அழிக்கச் சொன்னார். சுவிற்சலாந்தின் பேர்ண் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயதுப் பெடியன் 1905 இல் எழுதிய கட்டுரையில் மைக்கல்சனின் பெயரே இல்லை. அது தொடங்குவது காந்தத்திலும் கடத்தியிலும். சேர் கம்பிச் சுருளை மின்னோட்டம் காட்டும் கல்வனோமானியோடு பொருத்தி, சட்டக் காந்தத்தை உள்ளே தள்ளினார், ஊசி சாய்ந்தது. பிறகு காந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுருளை நகர்த்தினார், அதே சாய்வு. "புத்தகம் இதுக்கு இரண்டு விளக்கம் சொல்லுது. ஊசிக்கு ஒன்றுதான் தெரியும். அந்தாளுக்கு அதுதான் உறுத்தினது."

வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று காந்தத்தைக் கேட்டேன். சோடியில் ஒன்றைத் தந்தார். "தனிய வைச்சால் வலு போயிடும். திங்கள் கொண்டு வாரும்."

அந்தத் திங்கள் நாங்கள் கொழும்பில். அப்புறம் நடந்தது எல்லார் வீட்டுக் கதையும்தான்.

ரொறன்ரோவிலிருந்து கிளீவ்லாண்ட் காரில் ஐந்து மணித்தியாலம். ஒரு கலியாணத்துக்குப் போனபோது, பல்கலைக்கழக வளவில் அந்த இருவர் நினைவாகக் கட்டிய நீரூற்றைப் பார்த்தேன். படமெடுத்தேன், சேருக்கு அனுப்ப. எடுத்து ஒன்பது வருடம். அனுப்புகிற கடிதத்தில் காந்தத்தைப் பற்றியும் எழுதவேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். இப்போது படம் பழைய போனில் கிடக்கிறது.

செய்தி வந்த இரவு லாச்சியைக் கிளறிக் காந்தத்தை எடுத்தேன். சிவப்புப் பூச்சு பாதி உரிந்துவிட்டது. ஒரு குண்டூசியைத் தூக்குகிறது. அதன் முனையில் இன்னொன்றைத் தொங்கவிட்டால் விழுந்துவிடுகிறது.