படிக்கட்டும் தெரிய வேண்டும்

பார்சலோனாவின் ரவால் பகுதியில் மக்பா என்கிற சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்த வெள்ளைக் கட்டடம், 1995-இல் திறந்தது. அதன் வாசலில் உள்ள வழவழப்பான கல்தரையும் திண்டுகளும் உலகெங்கும் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்கு மனப்பாடம். அங்கே அவர்களைப் படமெடுப்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அந்தச் சதுக்கத்தில் பிக் ஃபோர் என்று ஓட்டுபவர்கள் அழைக்கும் ஓர் இடம் உண்டு. நாலே படிதான், ஆனால் ஒவ்வொன்றும் நல்ல அகலம். ஒருவன் அதைத் தாண்டும்போது, அந்தரத்தில் பறப்பது மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. எங்கே கிளம்பினான், எங்கே இறங்கப்போகிறான், நடுவில் என்ன இருக்கிறது, மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். படி தெரியாவிட்டால் அவன் எதைத் தாண்டினான் என்பதே தெரியாது. காட்சியை மிக அகலமாக, வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸைத் தரையோடு வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் சின்னத் திண்டுகூட மதில் போலத் தோன்றும். அந்த லென்ஸ் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் பிக் ஃபோர் போன்ற இடத்தில் பக்கவாட்டில் தள்ளி நின்று, உள்ள அளவை உள்ளபடி காட்டுவதுதான் ஓட்டுபவனுக்கு நாம் செய்யும் நியாயம்.

இதில் முதலில் பார்க்கப்படுவது முகமல்ல, கால். கையால் பிடிக்காமலே பலகையைக் காலோடு எழுப்புவதுதான் ஆலி. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஸ்கேட்டர் ராட்னி முல்லன் அதைச் சமதரையில் செய்து காட்டியதிலிருந்துதான் இன்றைய தெரு ஸ்கேட்டிங் வளர்ந்தது. ஆக, காலும் பலகையும் துல்லியமாக விழாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குக் கணக்கில் சேராது.

மாலையில் இந்தத் துல்லியத்தை ஷட்டரால் மட்டும் கொண்டுவர முடியாது. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். அந்த வேகத்தில் சுழலும் பலகை கலங்கித்தான் விழும். அசைவை உறைய வைப்பது ஃபிளாஷ் எரியும் நேரம். பழைய நிக்கான் எஸ்பி-800 ஃபிளாஷை முழு சக்தியில் எரித்தால் வெளிச்சம் நொடியில் ஏறத்தாழ 1,050-இல் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். சக்தியைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால் அது 10,900-இல் ஒரு பங்காகச் சுருங்கும். குறைந்த சக்தியில்தான் கூர்மை. ஆனால் வெளிச்சமும் குறைந்துவிடுமே! அதனால் ஃபிளாஷை அருகே கொண்டுபோக வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்குதான். சுற்றுப்புற வெளிச்சத்தையும் இரண்டு ஸ்டாப்பாவது, அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தில் கால் பங்காவது ஆகும்படி, கீழே இறக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஷூவின் ஓரத்தில் இரட்டை உருவம் படியும்.

நான் வைப்பது இரண்டு ஃபிளாஷ். ஒன்று முன்பக்கம், சற்று உயரத்தில். இன்னொன்று எதிர்ப்புறம், அவன் முதுகுப் பக்கமாக. இந்தப் பையன்கள் கறுப்புப் பேன்ட், கறுப்பு டி-ஷர்ட்டில்தான் வருவார்கள். பின்னாலிருந்து ஒரு கோடு வெளிச்சம் விழாவிட்டால் இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிடுவார்கள். தாண்டும் இடத்தின் உச்சியை யாராவது ஒரு நண்பர் கையை உயர்த்திக் காட்டச் சொல்லி, அங்கே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். தலையை ஒரு தடவை பார்த்தால் போதும், ஷூ இருக்கும் உயரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

அப்புறம் கண். ஃபிளாஷ் எரிந்த அடுத்த கணம் அவன் தரையைப் பார்த்து இறங்கியாக வேண்டும். அவன் பார்வை போகும் திசையில் விளக்கு இருந்தால் விழுந்துவிடுவான். ஒருமுறை ஒருவன் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணா, இறங்கும்போது அது கண்ணில் அடிக்குது” என்கிற பொருளில் ஸ்பானிஷில் சொன்னான். உடனே நகர்த்தினேன். எனக்கு அந்தக் கோணம் பிடித்திருந்தது, ஆனால் பாதுகாப்புக்கு முன்னால் அதெல்லாம் பேச்சே இல்லை. இப்போது யார் வந்தாலும், தாண்டாமல் சும்மா ஓட்டி வரச் சொல்லி ஒரு தடவை எரித்துக் காட்டிவிடுகிறேன்.

படபடவென்று எடுத்துத் தள்ளவும் முடியாது. ஃபிளாஷ் மறுபடி தயாராக நேரம் எடுக்கும் என்பதால், ஒரு முயற்சிக்கு ஒரு படம். எனவே ட்ரிக்கைத் தெரிந்திருக்க வேண்டும். பலகையைக் காலால் தட்டிச் சுழற்றும் கிக்ஃபிளிப் என்றால், சுழன்ற பலகையைக் கால் பிடிக்கும் கணம். கைப்பிடிக் கம்பியில் சறுக்குவது என்றால், பலகை அதன்மேல் ஏறி உட்கார்ந்த உடனே. அப்போதுதான் முன்னால் மிச்சமிருக்கும் கம்பி முழுதும் தெரியும்.

படம் பிரமாதமாக வந்திருந்தாலும் அவன் சரியாக இறங்கி ஓட்டிச் செல்லாவிட்டால் அதை வெளியிடக் கூடாது. ஸ்கேட்டிங் பத்திரிகைகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. நான் முழு மனதோடு ஏற்கிறேன். இரவு நேரத்தில், பொது இடத்தில் ஸ்கேட்டிங்கைக் கட்டுப்படுத்தி 2006-இல் வந்த நகராட்சி விதிகளுக்கு நாங்கள் பயந்து, காவலர்கள் வருகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு, நல்ல படம் ஏற்கெனவே கேமராவில் இருந்தும், அவன் இறங்குவதற்காக மறுபடியும் மறுபடியும் காத்திருப்போம். இறங்கியதும் ஓடி வந்து திரையில் தன் காலைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பான்.