படுகளத்து மண்

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி. தருமபுரி

‘அம்பிகாபதி’ இன்று மீண்டும் திரைக்கு வந்திருக்கிறது. ஆனந்த் எல். ராய் 2013-இல் இயக்கிய ‘ராஞ்சனா’ இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அப்போது அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம். கடைசியில் தனுஷ் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, மனத்துக்குள் பேசிக்கொண்டே உயிர் விடுவார். படம் முடிந்து பஸ் நிலையம் வரைக்கும் இருவரும் ஒரு சொல் பேசாமல் நடந்தது நினைவிருக்கிறது. இந்த முறை அவர் கண் விழித்து எழுகிறாராம். செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவை மாற்றியிருக்கிறார்கள். எடுத்த இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அன்று நாங்கள் பேசாமல் நடந்த அந்தத் தூரத்தை யாரோ வந்து அழித்துவிட்டதுபோல் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

அம்மாவை அழைத்துக்கொண்டு அனுமன்தீர்த்தம் போய், தென்பெண்ணையில் தலை மூழ்கிவிட்டு வந்தேன். கரையெங்கும் புது மணமக்கள், மஞ்சள் கயிறு, வாழையிலையில் பழம்.

ஆடி 18 வந்தால் எனக்கு வந்தியத்தேவன் நினைவும் வந்துவிடும். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில்தானே. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. ஐந்து பாகங்களையும் நான்கு முறை படித்திருக்கிறேன். மணிரத்னம் இரண்டு படங்களில், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும், அதைச் சொல்லி முடித்தார். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற திருப்பம் படத்தில் இல்லை. மணிமேகலையே இல்லை. அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுவதுதான் நாவலின் முடிவு. அந்த அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது’. அதைத் திரையில் காண எத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன்! திரையரங்கில் மிகவும் ஏமாந்து போனேன்.

ஆனாலும் அந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடிகிறது. ஒருவர் ஐந்து பாகங்களையும் படித்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று தவித்து முடிவு செய்து, தன் பெயரைப் போட்டு நம் முன்னால் வைத்திருக்கிறார். பிடிக்காவிட்டால் அவரிடம் சண்டை போடலாம். மணிமேகலைக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை; என் அலமாரியில், ஐந்தாம் பாகத்தில் பத்திரமாக இருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தனுஷ் அறிக்கை விட்டிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தான் ஒப்புக்கொண்ட படம் இது அல்ல என்கிறார். நன்றாகச் சொன்னார்.

அக்கா மகன் கணினி அறிவியல் படிக்கிறான். “சித்தி, தொழில்நுட்பமே கூடாது என்கிறீர்களா?” என்று கேட்டான். இல்லை. ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்தார். பாடகி பவதாரிணி 2024 ஜனவரியில் மறைந்தார். அதே ஆண்டு ‘கோட்’ படப் பாடலில் அந்தக் குரல் திரும்ப வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கு இசை அமைத்தவர் அவருடைய தம்பி யுவன். கேட்பதற்கு ஒருவர் இருந்தார், கேட்டார்கள். எனக்கு அது போதும்.

இரண்டாம் பாகங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. 1996-இல் ‘இந்தியன்’ முடிந்த விதமே எனக்கு நிறைவாக இருந்தது. 28 ஆண்டுகள் கழித்து வந்த ‘இந்தியன் 2’ படத்தில் மனத்தில் தங்கியது, 2021-இல் நம்மை விட்டுப் போன விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் இன்னொரு முறை பார்த்தது மட்டுமே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெரியம்மா ஊரில் பாரதக் கூத்து. இன்று துரியோதனன் விழும் படுகளம். பொழுது விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

திரௌபதி அம்மன் கோயில் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். நாற்பதடிக்குக் குறையாது, முழுவதும் களிமண், வண்ணம் பூசிய முகம், உருட்டி விழிக்கும் கண்கள். பல நாள் கதை கேட்டு, இரவெல்லாம் விழித்துக் கூத்துப் பார்த்த சனம் சுற்றி நின்றது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வழக்கம்போல் தக்காளி விலையையும் பஸ் வராத கதையையும் பாரதத்துக்குள் நுழைத்தார். இந்த ஆண்டு பீமன் கட்டியவர் பாட்டு ஒன்றை விட்டுவிட்டு வசனத்தை நீட்டிவிட்டார் என்று பெரியம்மாவுக்குக் குறை. கூத்தில் ஆண்டுதோறும் ஏதாவது மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் தொடையில் அடி விழும் நேரம் வந்ததும் திடலே அடங்கிவிட்டது. பீமன் கதாயுதத்தை ஓங்கினான். உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் பொங்கியது. அதைத் தொட்டுத் தடவி, திரௌபதி கூந்தலை முடித்தாள். என் பக்கத்தில் நின்ற பாட்டி குலவையிட்டார். சற்று நேரத்தில் அவரே துரியோதனனுக்காக அழுதார். “பாவி, ஐந்து ஊராவது கொடுத்திருக்கக் கூடாதா?” என்று மண் உருவத்தைப் பார்த்துக் கேட்டார். எழுபது ஆண்டுகளாவது பார்த்திருப்பார், முடிவு தெரியாதவர் அல்லர். அவன் பிழைத்து எழுந்தால் அந்த அழுகைக்கு எங்கே போவார்?

ஆளாளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார்கள். நானும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். ‘தகடூர் யாத்திரை’யின் தொலைந்த பாடல்களை எழுதும்படி செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கிறான். எங்கள் ஊர்தான் அந்தத் தகடூர். அதியமானைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற போரைப் பாடிய நூல். முழு நூல் கிடைக்கவில்லை, புறத்திரட்டு என்னும் தொகைநூல் முதலியவற்றில் சில பாடல்களே எஞ்சியுள்ளன. அதைப் படமாக எடுக்க வேண்டும் என்பது எனக்குச் சிறு வயது ஆசை என்று அவனுக்குத் தெரியும். எனக்காகத்தான் செய்திருக்கிறான். பன்னிரண்டு அடிகள், ஓசை குறையாமல் இருந்தன. யார் பாடியது என்று கேட்டேன். விழித்தான்.

மாலையில் அவனை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வரிசையாக நடுகற்கள். ஒன்றில் வீரன் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் இரண்டு வரி எழுத்து, அதற்குக் கீழே மழையும் வெயிலும் தின்ற வெறுங்கல்.

“இதில் என்ன இருந்திருக்கும், சித்தி?”

“அவன் பெயராக இருக்கலாம்.”

குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் வந்து, பூட்டும் நேரமாகிவிட்டது என்றார்.