பிஸ்கட் டின் கோடீஸ்வரர்

பழைய ரூபாய் நோட்டு, டாலர் நோட்டு எது கையில் கிடைத்தாலும் தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. தாத்தாவின் பிஸ்கட் டின்னில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்து நோட்டு ஒரு கட்டு கிடைத்ததும், மாமி அதையெல்லாம் பள்ளிச் சட்டைகளோடு சேர்த்து அயர்ன் பண்ணிக் கொடுக்க, பார்க்க அம்சமாக இருந்த ஒன்றை மாமா ஃபோட்டோஸ்டேட் கடைக்கு எடுத்துப்போய் பிளாஸ்டிக்கில் சீல் வைத்துக்கொண்டு வந்தார். இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லையாம்.

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில், வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) போகிறது என்று சொன்னார்களாம். மாமா கட்டை எண்ணி, பெருக்கி, புதுக் காருக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் வந்துவிட்டார். இணையத்தில் போட்டிருக்கும் விலை கேட்கிற விலைதான், ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்கலாம், அதுதான் கணக்கு என்று சொல்லி, போனில் எடுத்தும் காட்டினேன். "கண்ணாடி கொண்டு வரல" என்று சொல்லிவிட்டார்.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெர்ரி பிடித்து பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் போய், லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே நாணயக் கடை போட்டிருந்த ஒரு சீனப் பெரியவர் முன்னால் உட்கார்ந்தோம்.

அவர் கட்டை வாங்கி, சீட்டுக் கலைக்கிற வேகத்தில் புரட்டினார். வரிசை எண் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார். ஆரம்பத்தில் அச்சடித்த சிலவற்றில் எண் இருக்கும், அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. எங்களுடையதில் மலாயாவுக்கான 'எம்' என்று தொடங்கும் எழுத்துகள்தான், எண் கிடையாது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ளினான், வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்தக் காசு செல்லாது என்று ஆகிவிட்டது, மாற்றிக்கொள்ள வழியில்லாமல் வீட்டுக்கு வீடு பெட்டியில் கிடந்ததுதான் இன்றைக்கும் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது என்று மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து விளக்கிவிட்டு, ஒன்றுக்கு மூன்று வெள்ளி என்றார்.

"தவுக்கே, எண்பது வருஷம் பழசு!" என்றார் மாமா. (தவுக்கே என்றால் முதலாளி.)

"வயசுக்குக் காசுன்னா, இங்கே நான்தான் ரொம்ப விலை லா."

மாமா விடவில்லை. நூறு டாலர் நோட்டில் ரப்பர் தோட்டத்து ஆட்கள் இருக்கிறார்களே, அதில் ஒருவர் எங்கள் தாத்தா மாதிரியே இருக்கிறார் என்றார். (தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர்.) பெரியவர் பூதக்கண்ணாடி வைத்து மரியாதையாகப் பார்த்துவிட்டு, அந்த நோட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். மடிப்பு இருந்த இடம் பளபளவென்று மின்னியது. "அயர்ன்?" என்றார். மாமா சந்தையில் வேறு எதையோ பார்த்தார். மடிப்பு தெரிந்தால்கூடப் பரவாயில்லையாம், கழுவி, தேய்த்து மறைத்தால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்களாம். லேமினேட் செய்ததை அவர் கையில்கூட எடுக்கவில்லை.

கட்டின் அடியில் ஒரு வெள்ளி நோட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1967இல் வெளியிட்ட முதல் வரிசை, கவர்னர் இஸ்மாயில் முகமது அலி கையெழுத்து. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணுக்கு முன்னால் 'இசட்' இருக்கிறதா என்று தேடினார், அது கெட்டுப்போன தாளுக்குப் பதிலாக அச்சடித்தது, குறைவாகத்தான் இருக்கும். இல்லை. அப்புறம் பின்பக்கம் திருப்பினார். நீல மையில், பாட்டியின் கையெழுத்தில், 'பால்காரர் பாக்கி 3' என்று இருந்தது. அத்தோடு அவர் மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

மூன்று வெள்ளிக்கெல்லாம் பரம்பரைச் சொத்தை விற்கமுடியாது என்று மாமா கட்டை மூடிவிட்டார். எழுந்து கிளம்பும்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆயிரம் டாலர் ஜப்பான் நோட்டைப் பார்த்தார், மாட்டுவண்டிப் படம் போட்டது. எங்கள் டின்னில் ஆயிரம் இல்லை. விலை கேட்டார். பெரியவர் சொன்னதும், மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார், பூதக்கண்ணாடி கேட்டார், மூலையை நகத்தால் தடவினார்.

"என்ன தவுக்கே, நடுவிலே மடிப்பு, எண் வேற இல்லை, இதெல்லாம் வீட்டுக்கு வீடு கிடக்குது. மூணு வெள்ளி."

அவர் அசையவில்லை. மாமா கடைசியில் பெரியவர் சொன்ன விலையையே கொடுத்து வாங்கி, லேமினேட் செய்ததை இலவசமாகத் தருகிறேன் என்றார். பெரியவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.