எட்டாம் நம்பர் மிஷினும் சனிக்கிழமை வகுப்புகளும்

வேலைக்குப் போய்க்கொண்டே எம்.டெக். படிக்கிறேன். இது மூன்றாவது செமஸ்டர். திருப்பூரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஏஐ எல்லாம் யூடியூப்லயே கெடக்குது, அதுக்கு எதுக்குக் கண்ணு சனிக்கெழமையானா கோயமுத்தூருக்கு அலையறே?" பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை எங்களுக்குப் பயன்பாட்டு ஏஐ. சாப்பிட்டு வந்தால் தொழில்நுட்பத் தொழில்முனைவு. இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு புத்தகங்கள். முதல் செமஸ்டர் முழுக்க இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாடங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்பதை எனக்குக் காட்டியது வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் ஷெட்டில் ஓடும் எட்டாம் நம்பர் மிஷின்.

என் ப்ராஜெக்ட், பின்னும்போதே துணியில் விழும் பழுதைக் கேமரா வைத்துக் கண்டுபிடிப்பது. அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். அவர் கண்ணைத்தான் மனதில் வைத்து இதை எடுத்தேன்.

காலை வகுப்பில் முதலில் கற்றது, சரி விழுக்காட்டை நம்பாதே என்பது. துணியை ஆயிரம் துண்டுப் படங்களாக எடுத்தால் மூன்றில்தான் பழுது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் நல்ல துணி" என்று சொல்லும் நிரல்கூட 99.7 விழுக்காடு சரியாகச் சொன்னதாக ஆகிவிடும். அதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருந்த பழுதில் எத்தனையைப் பிடித்தது? பிடித்தேன் என்று சொன்னதில் எத்தனை நிஜமான பழுது? ஒன்றை ஏற்றினால் மற்றது பெரும்பாலும் இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று நான் கேட்டபோது ஆசிரியர், "அதை டேட்டா சொல்லாது" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

பழுதுத் துணியின் படங்கள் போதிய அளவு கிடைக்காது என்பதால் நல்ல துணியை மட்டும் காட்டிப் பழக்கும் முறையை எடுத்தேன். நல்ல துணியின் சின்னச் சின்னப் பகுதிகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகித் தெரிவதை அது பழுது என்று சொல்லும். இந்த வகை முறைகளைச் சோதித்துப் பார்க்க 2019-இல் வெளியான எம்விடெக் என்ற படத் தொகுப்பைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அதில் 15 வகைப் பொருள்கள், 5,354 படங்கள். நல்ல முறைகள் அதில் நூற்றுக்கு 99-ஐத் தாண்டிவிடுகின்றன. ஆனால் அதில் பின்னல் துணியே இல்லை. கிட்டத்தட்ட அதைப் போல இருப்பது ஒரு தரைவிரிப்பு மட்டும்தான்.

ஷெட்டில் வைத்த முதல் ராத்திரி 61 முறை அலாரம் அடித்தது. காலையில் ரோலை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நிஜமான பழுது நான்கு. மற்றதில் பாதிக்கு மேல் ட்யூப் லைட் செய்த வேலை. பழைய சோக் போட்ட ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் கேமராவில் பட்டை பட்டையாக விழுகிறது. மீதி பஞ்சு. நிட்டிங் ஷெட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரத்தில் சட்டை வெள்ளையாகிவிடும், லென்ஸ் மட்டும் தப்புமா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லைட்ட நேரா அடிச்சா ஊசிக்கோடு எப்படித் தெரியும்? நாங்க துணியச் சாச்சுப் புடிச்சில்ல பாப்போம்" என்றார். எல்ஈடி விளக்கு ஒன்று வாங்கித் துணியின் பக்கவாட்டில், ஏறக்குறைய துணியோடு ஒட்டினாற்போலச் சாய்த்துக் கட்டினேன். அதுவரை படத்தில் கண்ணுக்கே படாத கோடுகள் நிழலோடு எழுந்து நின்றன. இரண்டு மாதம் நிரலை மாற்றி மாற்றிக் கிடைக்காதது அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது.

மதிய வகுப்புக்கு வருகிறேன். தொழில்முனைவுப் பாடம் என்றால் வெகுகாலம் பிசினஸ் பிளான் எழுதச் சொல்வதுதான் வழக்கம். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் பிளாங்க் அதை மாற்றி ஒரு வகுப்பு தொடங்கினார். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் யோசனையை வெறும் ஊகமாக மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களை நேரில் போய்ப் பார்த்து வாராவாரம் அந்த ஊகங்களை அடித்துத் திருத்த வேண்டும். அதே வருடம் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை எடுத்து, ஆய்வுக்கூட விஞ்ஞானிகளுக்கான ஐ-கார்ப்ஸ் திட்டமாக்கியது. ஏழு வாரத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எங்கள் ஆசிரியர் அதை நாற்பதாகக் குறைத்துக் கொடுத்தார். ஆனால் ஒரு கட்டுப்பாடு போட்டார்: முதல் பத்து நிமிடம் நீ என்ன செய்கிறாய் என்று சொல்லவே கூடாது. அவர்கள் நாள் எப்படிப் போகிறது, கடைசியாக எப்போது பிரச்சினை வந்தது, அப்போது என்ன செய்தார்கள் என்று மட்டும் கேள்.

முதல் பன்னிரண்டு பேரிடம் அந்தக் கட்டுப்பாட்டை நான் மீறினேன். போன உடனே கேமராவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் "நல்ல ஐடியாங்க" என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆசிரியர் என் நோட்டை வாங்கிப் பார்த்துப் பன்னிரண்டையும் அடித்துவிட்டார். போன மாதம் பழுதால் அவர்களுக்கு எவ்வளவு போனது என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லையே என்றார். திரும்பப் போனேன்.

பதினைந்தாவது ஆள், எட்டாம் நம்பர் மிஷின் இருக்கும் ஷெட்டின் ஓனர். கடைசியாக எப்போது பிரச்சினை வந்தது என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் டெபிட் நோட், பழுதுக்குப் பணம் பிடித்ததற்கான சீட்டுகள். "நீடில் லைன், 3 ரோல்." "ஓட்டை, ஆயில் கறை." "லைக்ரா கட், 1 ரோல்." ஜாப் ஒர்க்கில் நூல், வேலை கொடுக்கும் பார்ட்டியுடையது. ஷெட்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும். பழுது வெளியே தெரிவது பெரும்பாலும் சாயம் போட்ட பிறகு. அப்போது பார்ட்டி கூலியை மட்டும் பிடிப்பதில்லை, நூல் விலையையும் பிடிப்பார், சில சமயம் சாயக் கூலியையும் சேர்த்து. ஒரு ரோல் போனால் எத்தனை ரோலின் கூலி அதில் கரைகிறது என்று அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அங்கே இருந்த ஃபிட்டர் அண்ணன்தான் அடுத்ததைச் சொன்னார். "ஓட்டைக்கு எதுக்குங்க அம்மிணி மிஷின நிறுத்தறீங்க? ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். நிறுத்தி ஓட்டுனா அங்க ஒரு கோடு வேற விழும். ஊசி போச்சுன்னா நிறுத்துங்க. அது விட்டா ரோல் முழுக்க இழுத்துக்கிட்டே வரும்."

முப்பது இஞ்ச் டயா, 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) மிஷினில் 2,200-க்கு மேல் ஊசிகள் இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி லேசாக வளைந்தாலும், அதை மாற்றும் வரைக்கும் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு வந்துகொண்டே இருக்கும். ஓட்டை அப்படியில்லை, விழுந்த இடத்தோடு முடிந்துவிடும். நான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு "பழுது" என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே அலாரம், ஒரே 0.5 எல்லை: பழுதாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நிரல் சொன்னால் அலாரம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தேவையில்லாமல் ஒருமுறை நிறுத்தினால் ஆகும் நஷ்டம் 1 பங்கு, ஊசிக்கோட்டை விட்டுவிட்டால் 40 பங்கு என்று வைத்துக்கொண்டால், எல்லை 1-ஐ, இரண்டும் சேர்ந்த 41-ஆல் வகுத்து வருவது. அதாவது 0.024. நூற்றில் இரண்டரை வாய்ப்பு இருந்தாலே மிஷினை நிறுத்திவிட வேண்டும். ஓட்டைக்கு நிறுத்தினாலும் நஷ்டம், விட்டாலும் ஏறக்குறைய அதே நஷ்டம். அதனால் நிறுத்தவே வேண்டாம், எண்ணிக்கொண்டால் போதும். காலை ஆசிரியர் "டேட்டா சொல்லாது" என்று விட்ட இடத்துக்கான பதில் அந்த டிராயரில் இருந்த ஃபைலில்தான் இருந்தது. பிழையை எப்படி அளப்பது என்று காலையில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிழையின் காசு யார் பையிலிருந்து போகிறது என்று கேட்க மதியம் பழக்கினார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைச் செய்யவே முடியாது. யூடியூபில் நான் பார்த்த எந்த வீடியோவிலும் அந்த எல்லை 0.5-ஐ விட்டு நகரவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிரல் 0.9 என்று சொன்னால் அது நிஜமாகவே பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கால நியூரல் வலைகள் தங்களைத் தாங்களே கூடுதலாக நம்புகின்றன என்று 2017-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 0.024 போன்ற சின்ன எல்லையை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போது இதைச் சரிக்கட்டாமல் விட்டால் மொத்தக் கணக்கும் பாழ். தனியாக எடுத்து வைத்த படங்களைக் கொண்டு அந்த எண்களைத் திருத்த எனக்கு மூன்று வாரம் ஆனது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். வெளியே யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. மாதாமாதம் கட்டுவது கஷ்டம் என்கிறார் ஓனர். இருபத்தேழாவது ஆளாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் பார்ப்பவரைச் சந்தித்தேன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அதைத் தவிர்த்து வெட்டிக்கொள்ளலாம் என்றார். எந்த மீட்டரில் எந்தப் பழுது என்று ரோலுக்கு ஒரு சீட்டு அடித்துத் தருகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் ஒரு டையிங்காரர் அதைத் திருத்தினார்: சாயம் போட்டு, துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் முடிந்து வரும்போது துணியின் நீளமே மாறிவிடும், கிரே துணியில், அதாவது சாயம் போடாத துணியில், எடுத்த மீட்டர் கணக்கு அங்கே பொருந்தாது. அதனால் இப்போது சீட்டில் இடம் அடிப்பதில்லை, எண்ணிக்கை மட்டும்தான். ஓட்டை அதிகமுள்ள ரோலைக் குழந்தைகள் சைஸுக்கு ஒதுக்க அது போதும் என்று கட்டிங்காரர் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையோடு நான்கு புள்ளி முறையில் கணக்கையும் போடுகிறேன். கோடு, கறை போன்றவற்றில் மூன்று இஞ்ச் நீளம் வரைக்கும் உள்ள பழுதுக்கு ஒரு புள்ளி, ஒன்பது இஞ்சுக்கு மேல் போனால் நான்கு. துணி வாங்குபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மொழி அது. இந்தச் சீட்டுக்கு ரோல் ஒன்றுக்கு ஒரு சின்னத் தொகை தரக் கட்டிங்காரர் சம்மதிப்பாரா என்பது அடுத்த மாதம் தெரியும்.

அந்தச் சீட்டின் கீழே கொஞ்சம் காலி இடம் விட்டிருந்தேன். ஃபிட்டர் அண்ணன் யாரும் சொல்லாமலே அதில் பேனாவால் எழுத ஆரம்பித்துவிட்டார். "ஊசி மாத்தியாச்சு, 2.40." "அலாரம் தப்பு, நூல் முடிச்சு." ஒவ்வொரு வரியும் எனக்குப் பயிற்சிப் படத்துக்கான விடை. நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து, படங்களை லேப்டாப்பில் போட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் பிரித்து வைத்தேன். நான்கு சீட்டில் மட்டும் ஃபிட்டர் அண்ணன் ஊசி என்று எழுதியிருந்ததை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இது ஊசியில்ல கண்ணு, நூல் தடிப்பு. கோடு குறுக்கால ஓடுது பாரு." அந்த நான்கையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது அண்ணனிடம் காட்ட வேண்டும்.